அமைச்சர் வரும் பாதை

நாணல்பாக்கம் சதுப்புநிலம் முதலில் கொன்றது ஒரு பைலிங் இயந்திரத்தை. மனிதன் அதற்கு அடுத்தபடிதான். இடைவெளி மிகச் சிறியது.

சென்னையின் தென்விளிம்பில் எஞ்சியிருந்த கடைசிப் பெருஞ்சதுப்பு அது. நீதிமன்றத் தடையாணை கோடை விடுமுறையில் உறங்கிக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கையில், ஒரு கட்டுமான நிறுவனம் அதன் கீழ்க்கரையில் மூன்று மாடி உயர இயந்திரத்தை இறக்கி, தரையைத் துளைத்து, துளைகளில் கான்கிரீட்டை ஊற்றியிருந்தது. ஊற்றியது இறுகுவதற்குள் வேர்கள் வந்துவிட்டன. காலையில் ஓட்டுநன் இயந்திரத்தை முடுக்கியதும் அதன் ஒரு பக்கச் சங்கிலிப்பட்டை தரையோடு உள்ளே போயிற்று. துளைக்கம்பம் சாய்ந்தது. ஓட்டுநன் கதவைத் திறந்து குதித்தான். குதித்த பக்கம் தவறு.

தமயந்தி வந்து சேர்ந்தபோது உடலின்மேல் நீலத் தார்ப்பாயைப் போர்த்தியிருந்தார்கள். அவள் குழிக்குள் இறங்கி, கான்கிரீட்டைத் துளைத்து நின்ற வேரின் பருமனை அளந்தாள். மணிக்கட்டுப் பருமன், எதிர்பார்த்ததைவிடக் கூடுதல். அதைக் குறித்துக்கொண்ட பிறகுதான் தார்ப்பாயின் பக்கம் திரும்பினாள். அளந்தது முதலிலும் பார்த்தது பிறகுமாக அமைந்துவிட்ட அந்த வரிசையை அவளே கவனித்தாள். கவனித்ததோடு சரி.

"பேர் என்னவாம்?"

"இன்னும் தெரியல மேடம். ஒடிசாக்காரப் பையன்னு சொல்லுதாங்க," என்றான் இருதயராஜ். நாகர்கோவில் பக்கத்துக்காரன், வேர்களைப் பற்றிய ஆராய்ச்சியில் தலை நரைத்தவன். அந்த வேருக்குரிய செடி அவன் கைவண்ணம். அதை எங்கே, எந்த வளைவில், எத்தனை அடுக்காக நடுவது என்பது தமயந்தியின் வரைபடம்.

வந்திருந்த காவல் ஆய்வாளர் குழியின் விளிம்பில் காலை ஊன்றாமல் எட்டிப் பார்த்தார். "என்ன சார் இது, செடியா, மலைப்பாம்பா?"

"செடிதான் சார். அரண்னு பேரு. கருவேல முள்ளோட சாதி. இறுகாத பச்சைச் சிமெண்டுல இருந்து சுண்ணாம்பு கசியுதுல்ல, இதுக்கு அதுதான் தீனி. மண்ணுல சுண்ணாம்பு கரைஞ்ச ஈரம் பட்டா அந்தப் பக்கமா வேர் ஓடும். தொட்டதும் புளிப்பு நீரு கக்கிக் கரைச்சுக் குடிச்சிரும். குடிக்கக் குடிக்கத் தடிக்கும்."

"நம்ம வீட்டுக்கு வந்துடாதே?"

"வராது சார். சதுப்பைச் சுத்தி ஆள் உயரப் பள்ளம் வெட்டிக் கந்தகம் போட்டு மூடியிருக்கோம். அந்தப் பட்டையைத் தாண்டிச் சுண்ணாம்பு வாசனை உள்ள வராது. வாசனை வராட்டி வேரு போவாது."

ஆய்வாளர் சற்று யோசித்தார். "அப்ப கேஸ் யார் மேல போடறது? செடி மேலயா?"

வழக்கு, அத்துமீறி நுழைந்ததற்காகக் கட்டுமான நிறுவனத்தின்மேல் போடப்பட்டது. செய்தித்தாள்கள் 'தன்னைத்தானே காக்கும் சதுப்பு' என்று எழுதின. ஓட்டுநனின் பெயரை ஒரே ஒரு நாளிதழ் வெளியிட்டது. அதிலும் எழுத்துப்பிழை இருந்தது.

தமயந்தி நிலத்தோற்ற வடிவமைப்பாளர். நகரத்துக்குள் நீருக்கும் புல்லுக்கும் பறவைக்கும் இடம் ஒதுக்கி வரைவது அவள் தொழில். கால் நூற்றாண்டாக அவள் வரைந்தவை யாவும் நீருக்காக. கட்டப்பட்டவை யாவும் கான்கிரீட்டுக்காக. நாரை நடந்து இறங்கும்படி ஓர் ஏரிக்குப் புற்சரிவு வரைந்தாள். ஒப்பந்ததாரர் அங்கே செங்குத்துச் சுவர் எழுப்பி, சுவரின்மேல் பிளாஸ்டிக் நாரைகளை வைத்தார். ஓர் ஆற்றின் கரையில் வெள்ளம் படுத்து எழுவதற்கு நாணற்படுகை வரைந்தாள். மாநகராட்சி அங்கிருந்த குடிசைகளை அகற்றி, நாணலுக்குப் பதிலாகக் காளான் வடிவக் குடைகளை நட்டது. ஒவ்வொரு திறப்பு விழாவிலும் அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள். அவள் பிழை பொறுக்காதவள். வரைபடத்தில் ஒரு கோடு மயிரிழை பிசகினாலும் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குபவள். தரையில் முழு வரைபடமும் பிசகுவதை அவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் இருதயராஜிடம் போய், நிலம் திருப்பி அடிக்க வழியுண்டா என்று கேட்டாள்.

நாணல்பாக்கம் அதற்கான விடை. அவள் வரைந்தபடியே தரையில் அமைந்த ஒரே வேலை.

இயந்திரம் விழுந்த பிறகு அரசுக்கு அரணின்மேல் திடீர்ப் பற்று வந்தது. அமைச்சரே நேரில் வந்து திறந்துவைப்பதாக அறிவித்தார். தமயந்தி ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள்: கந்தகப் பட்டைக்கு உட்புறம் சிமெண்ட் வரக் கூடாது. மேடையை இரும்பும் பலகையுமாக அமைக்கச் சொன்னாள். சிமெண்ட் பூந்தொட்டிகளை ஏற்றி வந்த வண்டியைத் தானே மறித்துத் திருப்பி அனுப்பினாள். மின்பணியாளர் ஒருவர் கொடிக்கம்பத்துக்குக் கைப்பிடியளவு கலவை குழைத்தபோது, அந்தச் சட்டியைப் பிடுங்கிப் பட்டைக்கு வெளியே கொண்டுபோய் வைத்தாள்.

மற்றபடி அமைச்சர் வருகைக்குரிய வழக்கமான ஏற்பாடுகள் நடந்தன. வேகத்தடைகளைச் சுரண்டினார்கள். நாய்களைப் பிடித்தார்கள். வாழைமரம் கட்டினார்கள். நெடுஞ்சாலையிலிருந்து, குடிசைகளை இழந்தவர்களைக் குடியேற்றியிருந்த புதுவாழ்வு நகர் வழியாகச் சதுப்பின் மேடைவரை, சாலையின் இரு ஓரமும் வெள்ளைத்தூளைத் தூவினார்கள். ஒலிபெருக்கியைச் சோதித்தார்கள். அமைச்சர் வந்தார், பேசினார், சால்வை போர்த்தினார், போனார்.

ஐப்பசியில் மழை பிடித்தது.

அந்த மழையில் ஒரு காலை, தமயந்தியின் அலுவலகத்துக்குள் ஒரு பெண் நனைந்த புடவையோடு நுழைந்தாள். இடுப்பில் மீன் விற்கும் அன்னக்கூடை. அதைக் கண்ணாடி மேசையின்மேல் கவிழ்த்தாள். வெட்டப்பட்ட வேர்த்துண்டுகள் உருண்டன. ஒன்றின் நுனியில் சுவர்ப்பூச்சு ஒட்டியிருந்தது.

"இது உன் வூட்டுப் புள்ளதானே? பாத்துச் சொல்லு."

தமயந்தி ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாள். "எங்க இருந்தது?"

"எங்க வூட்ல. புதுவாழ்வு நகரு, அஞ்சாவது பிளாக்கு. படிக்கட்டு கீழ விரல் மாரி எட்டிப் பாத்துச்சு. வெட்டனோம். நாலு நாள்ல கை மாரி வந்துச்சு. இப்ப செவுரு தொறந்துக்கிச்சு, பக்கத்து வூட்ல இன்னா கொழம்புன்னு இங்கேர்ந்தே பாக்கலாம்." கூடையை நிமிர்த்திக்கொண்டாள். "என்னைத் தெரியலையா? தேசம்மா. ஆத்தங்கரைல எங்க குடிசைக்கு மேல ஒரு பேப்பரை விரிச்சுக்கினு நின்னியே. அந்தப் பேப்பர்ல எங்க வூடு எங்கன்னு கேட்டேன். நீ காட்டின எடத்துல 'காலியிடம்'னு எழுதியிருக்குன்னு எம் பையன் படிச்சுச் சொன்னான்."

தமயந்திக்கு அந்த வரைபடம் நினைவிருந்தது; அதன் அளவுவிகிதம்கூட நினைவிருந்தது. முகம் நினைவில்லை.

"அப்போ அங்கேர்ந்து தூக்கி இங்க போட்டாங்க. உன் பார்க்குக்கோசரம். இப்ப உன் செடி இங்கயும் வருது. அதுக்கு எங்க மேல இன்னாம்மா அப்படி ஒரு ஆசை?"

அன்று மாலைக்குள் இருதயராஜ் சாலையோரத்தைத் தோண்டிவிட்டான். வேர் கந்தகப் பட்டையைக் கடந்திருந்தது. பட்டைக்குள் புகுந்து வரவில்லை. அதன்மேல் போட்டிருந்த சாலையின் விளிம்பை ஒட்டி, ஒரு சாண் ஆழத்தில், அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேராக வந்திருந்தது. சாலையின் மறு ஓரத்தையும் தோண்டினார்கள். அங்கும் அதேபோல் ஒன்று.

"வேரு இப்படி ரெட்டைக் கோடா வராது மேடம். இது காட்டுச் செடி. கிளை பிரியணும், வளையணும். எவனோ வழி காட்டியிருக்கான்."

தமயந்தி குழிக்குள் இறங்கினாள். வேரின் மேல்மண்ணில் நீர்த்த வெண்மை படிந்திருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து விரலிடையே தேய்த்தாள். பூந்தொட்டி வண்டியைத் திருப்பியது நினைவுக்கு வந்தது; கலவைச் சட்டியைப் பிடுங்கியது நினைவுக்கு வந்தது. அந்த இரண்டையும் செய்தபோது தன் கால்கள் எதன்மேல் நின்றன என்பதும் நினைவுக்கு வந்தது.

"சுண்ணாம்புத் தூள்," என்றாள். "அமைச்சருக்குப் போட்ட கோடு."

இருதயராஜ் மண்வெட்டியைக் கீழே போட்டான். "நாம ரெண்டு பேரும் அதுக்கு மேலதானே மேடம் நடந்து போனோம்?"

அதுதான் அவளுக்கும் விளங்கவில்லை. தரையை இம்மி இம்மியாகப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவள் அவள். ஆனால் அமைச்சர் வந்தால் சாலையோரம் வெளுக்கும். பிறந்த நாள் முதல் அதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது தூளாகவே தெரிவதில்லை.

"நிறுத்த முடியுமா?"

"வெட்டினா வெட்டின எடத்துல நாலு முளைக்கும். விஷம் வச்சா சதுப்புத் தண்ணியோட சேர்ந்து பாதி ஊரு குடிக்கும். அந்தப் பிளாக்குல பூச்சு பூராவும் மட்டச் சரக்கு. மழையில சுண்ணாம்பு ஒழுகிட்டே இருக்கு. அதை விட்டு அது நகராது. இதைவிடப் பெரிய தீனி வேற எங்கயாவது கிடைச்சாத்தான் உண்டு." அவன் மழையைப் பார்த்தான். "மொதல்ல ஜனத்தை வெளியேத்தச் சொல்லுங்க."

அவர்கள் இருவரும் கையொப்பமிட்ட எச்சரிக்கை உரிய இடத்துக்குப் போயிற்று. உரிய இடம், அதற்கு வழக்கமான முறையில் செயல்பட்டது. மறுநாள் நண்பகலில் லாரிகளும் காவலர்களும் வந்து, ஒலிபெருக்கியில் 'தற்காலிகமாக' வெளியேறும்படி அறிவித்தார்கள். அந்தச் சொல்லைப் புதுவாழ்வு நகர் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருந்தது. ஆற்றங்கரையில் லாரி ஏற்றியபோதும் தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள்.

பெண்கள் லாரிகளின் முன் படுத்தார்கள். காவலர்கள் காலைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு கல் பறந்தது; பிறகு எண்ணற்ற கற்கள். தடியடி பத்தாவது பிளாக் வரை போயிற்று. தமயந்தி கையை உயர்த்திக்கொண்டு நடுவில் ஓடினாள். இரு தரப்பும் அவளை எதிர்த்தரப்பு என்றே கருதின. காவலர் ஒருவரின் தடி அவள் தோளில் விழுந்தது. யாரோ ஒரு பையன் அவள் முகத்தில் துப்பினான். ஒரு முதியவர் வாய் நிறைய ரத்தத்தோடு சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து, விழுந்த பற்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

காவலர்கள் பின்வாங்கியதும் இளைஞர்கள் பெட்ரோல் கேன்களோடு சதுப்பின் கரைக்கு ஓடினார்கள். அரண் ஈரத்திலும் எரிந்தது. அதன் முள்ளில் எண்ணெய்ச் சத்து அதிகம். கரைநெடுகத் தீ எழுந்தது.

"எரிக்காதீங்கடே!" இருதயராஜ் கத்திக்கொண்டே அவர்களை நோக்கி ஓடினான். "எரிச்சா சாம்பல்டே! சாம்பலும் அதுக்குத் தீனிதான்! மழையில எல்லாம் ஒங்க வீட்டுக்குத்தான் ஓடி வரும்! கேளுங்கடே—"

செங்கல் எங்கிருந்து வந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. அவன் முழங்காலிட்டு, ஏதோ சொல்ல வந்ததை நினைவுபடுத்திக்கொள்பவன்போல் சற்றே தலையைச் சாய்த்து, முகங்குப்புற விழுந்தான். தமயந்தி அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். பின்மண்டை அவள் கைக்கு இளகிக் கொடுத்தது. தீயின் இரைச்சலில் ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை.

அவன் சொன்னபடியே நடந்தது. சாம்பல் மழைநீர்க் கால்வாய் வழியாகக் குடியிருப்புக்கு வந்தது. மூன்றாம் நாள் விடிந்து, பிள்ளைகளுக்குத் தலைவாரிக்கொண்டிருக்கும் வேளையில், ஐந்தாம் பிளாக்கின் மேற்குப் பகுதி எட்டு மாடியும் ஒரே மூச்சில் உட்கார்ந்தது. பேரோசை இல்லை; மூட்டையை இறக்கிவைத்ததுபோல் ஓர் ஓசை. தூசி அடங்கியபோது, இடிபாட்டின் நடுவே வேர் நின்றது. வீடுகளைக் கோத்து எடுத்த ஊசிபோல் அதில் அலமாரிக் கதவும், சைக்கிள் சக்கரமும், ஒரு பூப்போட்ட நைட்டியும் மாட்டியிருந்தன. நைட்டிக்குள் ஆள் இருந்தாள்.

எஞ்சிய பகுதியிலும் விரிசல் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த நான்காம், ஆறாம் பிளாக்குகளின் படிக்கட்டுகளிலும் அன்றைக்கே வேர்விரல்கள் தென்பட்டன.

தமயந்தி இடிபாட்டுக்குத் தானாகவே வந்தாள். அது துணிவா, வேறு போக்கிடம் இல்லாமையா என்று அவளுக்கே தெரியாது. அவளைக் கண்டதும் கூட்டம் சூழ்ந்தது. முதல் அடி கன்னத்தில்; இரண்டாவது எங்கே என்று உணர்வதற்குள் தரையில் கிடந்தாள். ஒரு செருப்புக்கால் அவள் வலது கையை மிதித்து அரைத்தது. கையெலும்பு முறிவதை அவள் கேட்டாள். வரைகிற கை.

"நிறுத்துங்கடா!" தேசம்மாவின் குரல். தலைமுதல் கால்வரை சிமெண்ட் தூசி. இடிபாட்டில் தம்பி மகளைத் தேடித் தோண்டிய விரல்களில் நகங்கள் இல்லை. "இவளைக் கொன்னா வேரு நின்னுடுமா? கேட்டுக்கினு அப்பாலக் கொல்லுங்க." குனிந்து தமயந்தியின் முடியைப் பற்றித் தூக்கி உட்காரவைத்தாள். "சொல்லு. இன்னும் ரெண்டு பிளாக்கு கீது. எப்டி நிறுத்தறது?"

தமயந்தி வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள். "இதைவிடப் பெரிய தீனி வேணும். புதுக் கான்கிரீட். நிறைய, ஒரே இடத்துல. அந்தப் பக்கம் திரும்பிடும். இந்தப் பக்கத்து நுனி பட்டினி கிடந்து செத்துடும்."

"எங்க ஊத்தறது?"

அவள் பதில் சொல்லுமுன் கூட்டத்தில் ஒருவன் கைநீட்டினான். நெடுஞ்சாலைக்கு அப்பால், அதே கட்டுமான நிறுவனத்தின் அடுக்குமாடிக் கோபுரங்கள் பாதி எழும்பி நின்றன. வாசலில் கலவை லாரிகள் உருளை சுழல வரிசையில் நின்றன.

"அங்கயே லாரி கீது, அங்கயே ஊத்து! அவனுங்க கட்டடத்தையே துன்னட்டும்!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. தமயந்தியும் அந்தக் கோபுரங்களைப் பார்த்தாள். அவற்றை அவள் வெறுத்த அளவுக்கு அங்கிருந்த யாரும் வெறுத்திருக்க முடியாது. அவற்றின் அடித்தளம் ஒரு காலத்தில் சதுப்புக்கு நீர் வந்த கழுத்து. ஊற்றினால் வேர் போகும். விரைந்து போகும். கோபுரங்களின் அடியில் தகரக் கொட்டகைகள் இருந்தன. ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் குடும்பத்தோடு தங்கியிருந்தார்கள். கொட்டகைகளின் நடுவே, ஒரு கயிற்றில், குழந்தைகளின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. நீலத் தார்ப்பாய் ஒன்றும் காய்ந்துகொண்டிருந்தது.

"அங்க ஊத்தினா பிரயோஜனமில்லை," என்றாள். "அந்தப் பக்கத்து மண் வேற. வேர் போகாது."

"அப்போ?"

"சதுப்போட நடுவுல. தாய்ச்செடி நிக்கிற இடத்துல."

பொய் என்று சொல்லத் தெரிந்த ஒரே மனிதன் அரசு மருத்துவமனைச் சவக்கிடங்கில் இருந்தான். தன் தொழிலில் அவள் பிழையாகச் சொன்ன முதல் தகவல் அது. தேசம்மா அவளை நெடுநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "லாரிய மடக்குங்க."

லாரிகளை மடக்கிய விதம் மென்மையானதாக இல்லை. முன்கண்ணாடிகள் நொறுங்கின, இறங்க மறுத்த ஓர் ஓட்டுநரைச் சட்டையோடு இழுத்துப் போட்டார்கள். முதல் லாரியின் முகப்பில் தேசம்மா ஏறி உட்கார்ந்தாள். அவளருகே, முறிந்த கையைத் தாவணித் துணியில் தொங்கவிட்டு, தமயந்தி. அவளுக்கு மட்டுமே சதுப்பினுள் பாரம் தாங்கும் தடம் எது என்று தெரியும். அதை அவள்தான் வரைந்திருந்தாள்.

சாம்பல்நிறக் கூழ் சரிவில் இறங்கி, கோரையை மடக்கி, நீரில் விழுந்து புகைந்தது. நீர் வெளுத்தது. முதலில் தவளைகள் குதித்துக் கரையேறின. ஏறிய இடத்திலேயே அடங்கின. பிறகு விரால்கள் வயிறு தெரிய மிதந்தன. நீலத் தாழைக்கோழி ஒன்று குஞ்சுகளை அழைத்துக்கொண்டு கூழின் மேல் ஓடியது. பாதியில் கால் புதைந்து நின்றது. அது அடுத்த லாரி ஊற்றும்வரை கத்திக்கொண்டிருந்தது.

"இன்னும் இடப்பக்கம்," என்றாள் தமயந்தி. "அந்த மேட்டை விட்டுட்டீங்க. அதையும் மூடுங்க." குரல் பிசகவில்லை.

மாலைக்குள் தரைக்கடியில் ஓர் உறுமல் கேட்டது. இறுகத் தொடங்கிய பாளத்தின் நடுவே மேடு எழுந்தது. அடியிலிருந்து யாரோ முதுகு கொடுத்துத் தூக்குவதுபோல். வேர் வந்துவிட்டது. அடுத்த சில நாட்களில் நான்காம், ஆறாம் பிளாக்குகளின் படிக்கட்டு விரல்கள் கறுத்துச் சுருங்கின. சாலையின் இரு ஓரத்தையும் குடியிருப்புக்காரர்களே சுரண்டி எடுத்து, கந்தகத்தை நிரப்பிப் பட்டையை மறுபடி மூடினார்கள். தமயந்தி இடது கையால் ஓர் அறிக்கை எழுதினாள். இந்த எல்லையைத் தாண்டிச் சுண்ணாம்பு ஒரு கைப்பிடியும் வரக் கூடாது; வந்தால், தின்று பெருத்து நிற்கும் இவ்வேர் முன்னதைவிடப் பன்மடங்கு வேகத்தில் வரும் என்பது அதன் சாரம். இம்முறை 'சிமெண்ட்' என்று மட்டும் எழுதவில்லை. சுண்ணாம்புக்குரிய எல்லாப் பெயர்களையும் எழுதினாள், சாலையோர வெள்ளைத்தூள் உட்பட.

கார்த்திகையில் அமைச்சர் ஆறுதல் சொல்ல வருவதாக அறிவிப்பு வந்தது.

தேசம்மா தொலைபேசியில் இரண்டே சொல் சொன்னாள். "கோடு போடறானுங்க."

தமயந்தி ஆட்டோவிலிருந்து இறங்கியபோது பணியாளர்கள் பட்டையைத் தாண்டியிருந்தார்கள். கான்கிரீட் பாளத்தைப் பார்வையிட்டுவிட்டு அமைச்சர் குடியிருப்புக்கு வருவாராம். ஆகவே அங்கிருந்து இங்குவரை, இரு ஓரமும், வெள்ளை. சுகாதார அலுவலர் வெயிலுக்கு விரித்த குடையின் கீழ் நின்றிருந்தார்.

"சார், இது சுண்ணாம்பு. என் அறிக்கையைப் படிக்கலையா?"

"எந்த அறிக்கை மேடம்?"

"போன மாசம் கொடுத்தது."

"அது வனத்துறைக்குப் போயிருக்கும். நாங்க சுகாதாரம்." அவர் குரலில் பகையே இல்லை. "மினிஸ்டர் வர்றாரு. பவுடர் போடாம எப்படி மேடம்? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

அவர்களருகே நின்றிருந்த தேசம்மா அதற்குமேல் கேட்கவில்லை. துடைப்பத்தால் கோட்டின்மேல் ஓங்கி இழுத்தாள். நான்காம் பிளாக்குப் பெண்கள் வாளியும் துடைப்பமுமாக ஓடி வந்தார்கள். தமயந்தி முழங்காலிட்டு இடது கையால் தூளை வாரி முந்தானையில் போட்டாள். கண் எரிந்தது.

காவலர்கள் ஓடி வந்தார்கள். "ஏய், மினிஸ்டர் வர்ற நேரத்துல கலாட்டாவா?" முதல் தடி தேசம்மாவின் முழங்காலில் விழுந்தது. அவள் விழுந்தும் துடைப்பத்தை விடவில்லை; அடுத்த அடியில் துடைப்பம் இரண்டாயிற்று. ஒரு பெண்ணின் நெற்றி பிளந்து, வெள்ளைக் கோட்டின்மேல் சிவப்பு வழிந்தது. தமயந்தியின் கட்டுப்போட்ட கையைப் பிடித்தே இழுத்தார்கள். அவள் கத்திய கத்தலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி கட்டத் தொடங்கினார்கள்.

வேனுக்குள் இருவரையும் எதிரெதிரே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். நடுவே ஓர் இளங்காவலர் உட்கார்ந்தார்.

தேசம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு அந்த டவர்ல ஊத்தியிருந்தாலும் வேரு போயிருக்கும், இல்ல?"

தமயந்தி நிமிர்ந்தாள். "போயிருக்கும்."

"தெரியும்." முழங்காலை நீவிக்கொண்டே, "அந்தக் கொட்டாய்ல ஒருத்தி என்கிட்டதான் மத்தி வாங்குவா. பாசை தெரியாது. வெரல்லயே பேரம் பேசுவா," என்றாள்.

காவலருக்குப் பேச்சின் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "அப்படி என்னம்மா அந்தக் கோட்டுல? போட்டா போட்டுட்டுப் போறாங்க. ஒரு நாள் கூத்து."

வேன் நகர்ந்தது. பின்பக்கக் கம்பிவலை வழியே தமயந்தி பார்த்தாள். அழிந்த இடங்களைப் பணியாளர்கள் சரிசெய்துகொண்டிருந்தார்கள். ரத்தம் தெரியாமலிருக்க, இந்த முறை இரண்டு மடங்கு தூள்; பிசகாமலிருக்க, இரு முனையிலும் ஆள் நிறுத்திக் கயிறு. அவள் வரைபடங்களுக்கு எந்த ஒப்பந்ததாரரும் தரையில் அவ்வளவு நேராக ஒரு கோடு போட்டுத் தந்ததில்லை. பாளத்தின் விளிம்பில் தொடங்கி, பட்டையைக் கடந்து, நான்காம் பிளாக்கின் வாசற்படியில் சுத்தமாக முடிந்திருந்தது.

காவலர் எழுந்து, தம் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினார்.

"தூறுது," என்றார்.